ஓசெட்ரா: பெரிய எழுத்தில் பெயர், சிறிய எழுத்தில் மீன்

சயான் கோலிவாடா சந்தையில் கோலிப் பெண்கள் காபோளி என்று கூறு போட்டு விற்பதைத்தான் நம் வீடுகளில் சினை என்கிறோம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, தோசைக்கல்லில் மெதுவாகப் புரட்டி எடுத்தால் குழந்தைகள்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடும். அந்தச் சினையை வாங்கும் யாரும் முதலில் கேட்பது, எந்த மீனுடையது என்பதைத்தான். மீன் மாறினால் சுவையும் விலையும் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மும்பையில், பாந்திராவிலோ க்ராஃபோர்டு மார்க்கெட்டிலோ இறக்குமதிச் சாமான் விற்கும் கடையில் 30 கிராம் கேவியர், அதாவது உப்பிட்ட ஸ்டர்ஜன் மீன் சினை, டப்பாவுக்குப் பல ஆயிரம் ரூபாய் எண்ணிக் கொடுப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மூடியில் 'ஓசெட்ரா' என்று பொன்னெழுத்தில் இருக்கிறது, அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறார். அது பதில் ஆகாது.

ரஷ்ய மொழியில் 'அசியோத்ர்' என்றால் ஸ்டர்ஜன் மீன், அவ்வளவுதான். அந்தச் சொல்தான் வெளிநாட்டு வாயில் புகுந்து ஓசெட்ரா, ஓசியெத்ரா, அசெட்ரா என்று பல எழுத்துக்கூட்டலில் மூடிகளில் நிற்கிறது. கேவியர் வணிகத்தில் இந்தப் பெயர் நீண்டகாலமாக ஒரு குறிப்பிட்ட மீனின் சினைக்கு வழங்கிவந்தது. அது ரஷ்ய ஸ்டர்ஜன். விலங்கியல் பெயர் அசிபென்சர் கியூல்டென்ஸ்டேட்டி. காஸ்பியன், கருங்கடல், அசோவ் கடல், அவற்றில் வந்து விழும் ஆறுகள், இவைதான் அதன் சொந்த ஊர். ஆனால் சொல்லின் நேர்ப்பொருள் வெறும் 'ஸ்டர்ஜன்' என்பதால், சைபீரிய ஸ்டர்ஜனின் சினையைச் 'சைபீரியன் ஓசெட்ரா' என்று விற்கிறார்கள், கலப்பின மீனின் சினைக்கும் முன்னால் ஓர் அடைமொழி போட்டு ஓசெட்ரா என்கிறார்கள். 'இம்பீரியல்', 'ராயல்', 'கோல்டு' என்று கூட வருபவை தயாரிப்பாளர் தம் சரக்குக்குள் தாமே பிரித்துக்கொள்ளும் தரப்பெயர்கள். ஒரு கம்பெனியின் 'இம்பீரியல்' இன்னொரு கம்பெனியின் சாதாரண ரகத்துக்குச் சமமாக இருக்கலாம்.

ஆகவே மீனிலிருந்து தொடங்குவதே சரி. ஸ்டர்ஜனின் உடலில் பெரும்பகுதி முள்ளெலும்பு அல்ல, குருத்தெலும்பு. செதிலுக்குப் பதிலாக ஐந்து வரிசை எலும்புத் தகடுகள். மூக்கின் அடியில் நான்கு மீசை. அதைக்கொண்டு ஆற்றின் அடித்தரையைத் துழாவி இரை தேடும். ரஷ்ய ஸ்டர்ஜன் 2 மீட்டருக்கு மேலும் வளரும். 100 கிலோவைத் தாண்டிய மீன்களும் அந்தக் காலத்தில் பிடிபட்டிருக்கின்றன. இயற்கை நீரில் பெண் மீன் முதல்முறை சினை வைக்க 10 முதல் 16 ஆண்டுகள் ஆகும். பண்ணையில் தீனியும் வெதுவெதுப்பான நீரும் கிடைப்பதால் 7 முதல் 10 ஆண்டுகளில் பக்குவப்படும். சைபீரிய ஸ்டர்ஜன் அதைவிட முந்தும். பெலூகா என்ற இன்னொரு ஸ்டர்ஜன் மிகவும் பிந்தும், 15 ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க வேண்டும். விலை வேறுபாட்டின் பெரும்பங்கு இந்த ஆண்டுகளின் கணக்குதான். ஒரு மீனுக்கு எட்டு ஆண்டு தீனி போட்டு ஒரே ஒரு முறை சினை எடுக்கிறார்கள்.

மணியின் அளவைப் பார்ப்போம். ஓசெட்ரா மணி சுமார் இரண்டரை முதல் மூன்றேகால் மில்லிமீட்டர் இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சின்ன ஜவ்வரிசி அளவு. பெலூகா இதைவிடப் பெரிது, செவ்ரூகா என்ற ஸ்டர்ஜனுடையது சிறிது. இரண்டரைக்கும் மூன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் உருண்டை என்பதால், விட்டம் அரை மில்லிமீட்டர் கூடினால் கொள்ளளவு முக்கால் பங்கு அளவுக்குக் கூடிவிடும். 3 மில்லிமீட்டர் மணி ஒன்று ஏறக்குறைய 15 மில்லிகிராம் எடை. ஒரு 30 கிராம் டப்பாவில் சுமார் 2,000 மணிகள். நாக்கில் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுவதும், நாக்கை அண்ணத்தில் அழுத்தியதும் தோல் விட்டு உள்ளே இருக்கும் கொழுப்பு பரவுவதும் இந்த அளவினால் கிடைப்பவை.

நல்ல ஓசெட்ராவின் தோல் பெலூகாவைவிடச் சற்று உறுதியானது. சுவையில் முதலில் வருவது உப்பு அல்ல, வெண்ணெய்; அடுத்து அக்ரூட் பருப்பைத் தோலோடு மென்றால் வருமே, அந்த மெல்லிய துவர்ப்போடு கூடிய பருப்பு மணம்; கடைசியில் கடல். நிறம் அடர் பழுப்பு, சாம்பல், பாசிப்பச்சை, அரக்குமஞ்சள், பொன் என எதுவாகவும் இருக்கலாம். ஒரே பண்ணையில், ஒரே தீனி தின்ற இரண்டு மீன்களின் சினைகூட ஒரே நிறத்தில் இராது. வெளிர் நிறம் அரிது என்பதால் விலை ஏறுகிறது. அரிது என்பது உண்மை, அதிகச் சுவை என்பது நம்பிக்கை. கண்ணைக் கட்டிக்கொண்டு ருசிக்கும்போது பழுப்பு ஓசெட்ரா பொன்னிற ஓசெட்ராவை வெல்வதும் நடக்கும். பொன்னிறத்துக்காக இரட்டை விலை கொடுப்பதைவிட, அதே பணத்தில் மணி உறுதியான பழுப்பு டப்பா இரண்டு வாங்குவது மேல்.

காஸ்பியன் கடலில் பிடித்த ஓசெட்ரா என்று இன்று யாராவது காதோடு சொன்னால், உடனே எச்சரிக்கையாக வேண்டும். 1950களின் இறுதியில் வோல்காகிராட் அணை வோல்கா ஆற்றை மறித்தபோது, ரஷ்ய ஸ்டர்ஜன் முட்டையிட ஏறிச் செல்லும் பாதையும் அடைபட்டது. குஞ்சு பொரிப்பகங்களில் வளர்த்துக் கடலில் விட்டுத்தான் மீன்வளத்தை ஓரளவு தாங்கிப் பிடித்தார்கள். 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கட்டுப்பாடு தளர்ந்து திருட்டு மீன்பிடி பெருகியது. 1998 ஏப்ரல் 1 முதல் ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2022-ல் வெளியான சர்வதேசச் செம்பட்டியல் மதிப்பீட்டில், எஞ்சியுள்ள 26 இனங்களுமே அழியும் ஆபத்தில் இருப்பவை என்று அறிவிக்கப்பட்டது. ரஷ்ய ஸ்டர்ஜன் அதில் மிக மோசமான படியில் இருக்கிறது. இன்று சட்டப்படி மேசைக்கு வரும் ஓசெட்ரா பண்ணை மீனுடையது. உற்பத்தியில் முதலிடம் சீனாவுக்கு; இத்தாலி, பிரான்சு, ஈரான், ரஷ்யா என்று வேறு பல நாடுகளிலும் பண்ணைகள் உண்டு. பண்ணைச் சரக்கு என்பதில் குறை ஒன்றுமில்லை. அந்த மீன் இன்னும் உலகில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் வாங்கக்கூடியது அது ஒன்றுதான்.

சினை எப்படிக் கேவியர் ஆகிறது

பண்ணையில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது. மூன்று, நான்கு வயதில் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துப் பிரிப்பார்கள். ஆண் மீன்கள் இறைச்சிக்குப் போகும். பெண் மீன் பருவத்துக்கு வரும்போது மெல்லிய குழாய் ஊசியால் சில மணிகளை எடுத்துப் பக்குவம் பார்ப்பார்கள். இதில் சில வாரம் முன்பின் போனால் எல்லாம் கெடும். பக்குவம் குறைந்திருந்தால் சினைப்பையில் கொழுப்பு ஒட்டிக்கொண்டு மணி பிரியாது. கூடிவிட்டால் தோல் இளகி, சல்லடையில் தேய்க்கும்போதே உடைந்து கூழாகும். நாள் குறித்தபின், சுத்தமான ஓடும் நீரில் மீனைச் சில வாரங்கள் தீனியின்றி வைப்பார்கள். குளத்து நீரில் வளரும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் மண்வாடைக்குக் காரணம். மழை விழுந்த மண்ணில் வரும் அதே வாடை. கேவியரில் அது வந்தால் பண்ணை இந்தப் பட்டினிக் காலத்தைச் சுருக்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். டப்பா திறந்தபின் அதைப் போக்க எந்த வழியும் கிடையாது.

மீனைக் கொன்றதும் சினைப்பையை முழுசாக வெளியே எடுக்கிறார்கள். மீனின் எடையில் பத்தில் ஒரு பங்கோ சற்று மேலோ சினை இருக்கும். மணியைவிடச் சற்றே பெரிய கண்ணுள்ள சல்லடை மேல் பையை உள்ளங்கையால் மெதுவாக உருட்டினால் மணிகள் கீழே விழும், சவ்வு மேலே தங்கும். குளிர்ந்த நீரில் மூன்று நான்கு முறை அலசி, ரத்தமும் கொழுப்பும் சவ்வுத்துணுக்குகளும் போனபின் வடியவிட்டு, எடை போட்டு, அயோடின் சேர்க்காத சுத்தமான நைஸ் உப்பைச் சேர்க்கிறார்கள். 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம். மூடியில் காணும் 'மலோசோல்' என்ற ரஷ்யச் சொல்லுக்கு 'குறைந்த உப்பு' என்று பொருள். அதுவும் மீனின் பெயரல்ல. ஸ்டர்ஜன் கேவியருக்கான கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) தரநிலை, தயாரான பொருளில் 100 கிராமுக்கு 3 கிராமுக்குக் குறையாமலும் 5 கிராமுக்கு மிகாமலும் உப்பு இருக்க வேண்டும் என்கிறது.

உப்பைக் கையால் கலக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் இந்தத் தொழிலின் உயிர். முதலில் மணிகள் மங்கலாக, ஒன்றோடொன்று ஒட்டி, கனத்த மாவு போல இருக்கும். உப்பு தண்ணீரை இழுக்க இழுக்கத் தோல் விறைத்து, பளபளப்பு ஏறி, விரல்களுக்கிடையே மணிகள் தனித்தனியாக உருளத் தொடங்கும். பாத்திரத்தில் உரசும் ஓசையும் மாறும். அந்த நொடியில் கை நிற்க வேண்டும். மேலும் கலக்கினால் தோல் கிழியும், முன்னமே நிறுத்தினால் ஓரிடத்தில் கரிக்கும், இன்னோரிடத்தில் உப்பே இராது. பிறகு வடிகட்டி, பெரிய டப்பாவில் தலைதட்ட நிரப்பி, மூடியை அழுத்தி, காற்றும் உபரி நீரும் வெளியேறியபின் அகலமான ரப்பர் பட்டை போடுவார்கள். 1.8 கிலோ டப்பா பழைய வழக்கம். ஒரு டப்பாவில் ஒரே மீனின் சினைதான் இருக்கும். அதனால்தான் நல்ல சரக்கில் நிறமும் அளவும் டப்பா முழுக்க ஒரே சீராக இருக்கின்றன.

இந்தப் பெரிய டப்பாக்கள் பூஜ்யத்துக்குக் கீழே 2 முதல் 4 டிகிரியில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருந்து பக்குவமாகின்றன. உப்புப் போட்ட அன்றே ருசித்தால் வெண்ணெய் மட்டுமே தெரியும். பருப்பு மணம் இந்த இருப்பில் வருவது. பூஜ்யத்துக்குக் கீழே ஏன் உறைவதில்லை? சினையில் பாதிக்குச் சற்று மேல் தண்ணீர். சேர்த்த உப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் கரைந்திருக்கிறது, கொழுப்பில் அல்ல. எனவே 4 சதவீத உப்பு என்பது உண்மையில் சுமார் 7 சதவீத உப்புக்கரைசல். அது உறைய மைனஸ் 4-ஐயும் சற்றுத் தாண்ட வேண்டும். மைனஸ் 2 முதல் 4 என்ற அளவு இப்படி வந்ததுதான்: உறையாமல் எவ்வளவு குளிர முடியுமோ அவ்வளவு. நம் வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18. அங்கே வைத்தால் பனிப்படிகம் தோலைக் குத்திக் கிழிக்கும். உருகியதும் மணி இராது, எண்ணெய் மிதக்கும் கருப்புக் குழம்புதான் இருக்கும். 'கெட்டுப்போகாமல் இருக்கட்டும்' என்று ஃப்ரீஸரில் வைத்துப் பாழாகும் டப்பாக்கள் ஏராளம்.

சில தயாரிப்பாளர்கள் கெடாமலிருக்கப் போராக்ஸோ போரிக் அமிலமோ சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் கேவியருக்கு மட்டும் கிலோவுக்கு 4 கிராம் வரை அனுமதி உண்டு. அமெரிக்காவில் அனுமதி இல்லை. சேர்த்தால் உப்பைக் குறைக்கலாம், ஆயுள் கூடும், நாக்கில் லேசான இனிப்பு தட்டும். பொருள்பட்டியலில் இ 284 என்று இருந்தால் போரிக் அமிலம், இ 285 என்று இருந்தால் போராக்ஸ். கண்ணாடிக் குப்பியில் வரும் பாஸ்ட்டரைஸ் செய்த கேவியர் வேறு வகை. அதிக நாள் தாங்கும், ஆனால் சூட்டில் தோல் தடித்து ரப்பர்த்தன்மை வந்துவிடும். டப்பாக் கேவியரின் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

மூன்றெழுத்து

சட்டப்படி வரும் ஒவ்வொரு கேவியர் டப்பாவிலும், மூடியும் உடலும் சேரும் இடத்தில் அல்லது அடியில், கிழிக்காமல் திறக்கவோ மறுபடி ஒட்டவோ முடியாத சைட்டிஸ் சீட்டு இருக்க வேண்டும். அதில் சாய்கோடு போட்டுப் பிரித்த ஆறு பகுதிகள். முதல் பகுதி மீன்: ஜி.யு.இ. என்றால் ரஷ்ய ஸ்டர்ஜன், அதாவது வணிக வழக்கப்படி உண்மையான ஓசெட்ரா. பி.ஏ.இ. என்றால் சைபீரிய ஸ்டர்ஜன். எச்.யு.எஸ். பெலூகா, எஸ்.டி.இ. செவ்ரூகா, டி.ஆர்.ஏ. அமெரிக்க வெள்ளை ஸ்டர்ஜன். நடுவில் பெருக்கல் குறி இருந்தால் கலப்பினம். முதலில் நிற்பது தாய் மீன், அடுத்தது தந்தை. டி.ஏ.யு. என்பது கலூகா, எஸ்.சி.எச். என்பது அமூர் ஸ்டர்ஜன். இந்த இரண்டையும் கலந்த மீனின் சினை சீனாவிலிருந்து நிறைய வருகிறது. பெரிய மணி, அழகான நிறம், நல்ல சரக்கு. ஆனால் ஓசெட்ரா அல்ல. எம்.ஐ.எக்ஸ். என்று இருந்தால் பல இனங்கள் சேர்ந்த அழுத்திய கேவியர்.

இரண்டாம் பகுதி ஓர் எழுத்து. சி என்றால் பண்ணையில் பிறந்து வளர்ந்தது, டபிள்யூ என்றால் இயற்கை நீரில் பிடித்தது. மூன்றாவது, மூலநாட்டின் ஈரெழுத்து: சி.என். சீனா, ஐ.டி. இத்தாலி, ஐ.ஆர். ஈரான். மூடியில் காஸ்பியன் கடல் படமும் பாரசீகப் பூவேலைப்பாடும் இருந்து, சீட்டில் வேறு நாடு இருப்பது உண்டு. அது குற்றமல்ல, படம் வெறும் அலங்காரம். சீட்டை நம்ப வேண்டும். நான்காவது ஆண்டு. இங்கே ஒரு நுணுக்கம்: அது சினை எடுத்த ஆண்டாகவும் இருக்கலாம், பெரிய டப்பாவிலிருந்து சிறியதற்கு மாற்றிய ஆண்டாகவும் இருக்கலாம். அதனால் இதை மட்டும் வைத்துப் புதுசு என்று முடிவு கட்டாமல், காலாவதித் தேதியையும் பேக்கிங் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது ஆலையின் பதிவெண், ஆறாவது லாட் எண். புகார் செய்ய நேர்ந்தால் கடைசி இரண்டும்தான் உதவும் என்பதால், திறக்குமுன் சீட்டை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சைட்டிஸ் சீட்டோடு, இந்தியாவில் விற்கும் டப்பாவில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் ஆகியவையும் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டில் எது இல்லையென்றாலும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களைத் தன் நான்காம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. ஆகவே சீட்டில்லாத டப்பா தரக்குறைவு என்பதோடு நிற்கும் விஷயமல்ல. துபாயிலிருந்து வரும் உறவினர் கையில் கொண்டுவருவதற்கும் இது பொருந்தும். தனிநபர் உபயோகத்துக்கு ஆளுக்கு 125 கிராம் வரை அனுமதிச் சீட்டின்றிக் கொண்டுபோகலாம் என்ற சைட்டிஸ் சலுகை, முறையான சீட்டு ஒட்டிய டப்பாவுக்குத்தான். போய் இறங்கும் நாடு அதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கலாம். டிக்கெட் எடுக்கும்போதே சுங்க விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். கறுப்புச் சாயம் ஏற்றிய, லம்ப்ஃபிஷ் என்ற வேறொரு மீனின் சினையை எளிதாகப் பிடித்துவிடலாம். ஆனால் ரஷ்ய ஸ்டர்ஜனில் ஒரு பகுதி மீன்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சைபீரிய ஸ்டர்ஜனை ஒத்திருப்பதால், வழக்கமான ஒரே சோதனை ஏமாற்றிவிடும். 2023-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, தன்யூப் ஆற்று நாடுகளில் வாங்கிய ஏறக்குறைய 150 மாதிரிகளில் பாதி ஏதோ ஒரு வகையில் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது; சிலவற்றில் மீனின் சுவடே இல்லை. காகிதம் இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

மும்பையில் கடைசி ஒரு மணி நேரம்

பண்ணையிலிருந்து சகார் விமான நிலையம் வரை குளிர் பெரும்பாலும் சரியாகவே பராமரிக்கப்படும். கெடுவது அதற்கப்புறம். ஓட்டல்களில் சரக்கு வாங்கிச் சரிபார்க்கும் ரிசீவிங்கில் நம்மவர்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. பெட்டி வந்ததும் இரண்டு டப்பாக்களை ஒட்டி வைத்து நடுவில் தெர்மாமீட்டர் முனையைச் செருகிப் பார்க்க வேண்டும். டப்பாவைத் திறக்கத் தேவையில்லை. 4 டிகிரிக்கு மேல் காட்டினால் நேரத்தோடு எழுதிவைத்து, சப்ளையரிடம் அப்போதே பேச வேண்டும். மைனஸ் 5-க்குக் கீழ் காட்டினாலும் அதேதான், உறைந்திருக்க வாய்ப்புண்டு. மூடி உப்பியிருந்தாலோ, விளிம்பில் பிசுபிசுப்பு கசிந்திருந்தாலோ உள்ளே எடுக்கவே கூடாது.

வீட்டுக்கு வாங்குபவர் மற்ற கடைகளை முடித்துவிட்டுக் கடைசியாகப் போக வேண்டிய கடை இது. மே மாதத்தில் பாந்திராவிலிருந்து செம்பூருக்கு, ரயிலும் ஆட்டோவுமாக வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். தெர்மாகோல் பெட்டியும் ஜெல் பேக்கும் அவசியம். ஆனால் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஜெல் பேக் மைனஸ் 18-ல் இருக்கும். டப்பாவை அதன்மேல் நேராக வைத்தால் ஒட்டிய பக்கத்து மணிகள் உறையும். திறந்து பார்க்கும்போது டப்பாவின் ஒரு ஓரம் மட்டும் குழைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நடுவில் ஒரு துண்டுத் துணியை இரண்டாக மடித்துப் போட்டால் போதும். வீட்டு ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் மிகச் சூடான இடம். டப்பாவை வைக்க ஏற்ற இடம், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் ஃப்ரீஸருக்கு நேர் கீழே உள்ள சில் ட்ரே. இரட்டைக் கதவு என்றால் அடித்தட்டின் பின்மூலை. அங்கேயும் ஒரு கிண்ணத்தில் ஐஸ்கட்டி போட்டு அதில் டப்பாவைப் புதைத்து, உருக உருக மாற்றினால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஐஸில் உப்பு மட்டும் போடக் கூடாது. குல்பிக்காரர் செய்யும் வேலை அது. உப்பிட்ட ஐஸ் மைனஸ் 10-க்கும் கீழே இறங்கிக் கேவியரையும் குல்பியாக்கிவிடும். இவ்வளவு செய்தாலும், சிறு டப்பாவுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நான்கு முதல் ஆறு வார ஆயுள் வீட்டு ஃப்ரிட்ஜில் கிடைக்காது. வாங்கிய இரண்டு மூன்று நாளில் திறந்துவிடுவதே சரி.

பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன் வெளியே எடுத்து, நாணயத்தின் விளிம்பை மூடியின் அடியில் கொடுத்து லேசாகத் திருகினால் காற்று புகுந்து மூடி விடுபடும். முதலில் கண்: மணிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், பளபளப்பு வேண்டும், நல்ல மணிகளுக்குள் வெளிறிய ஒரு புள்ளி கண்போலத் தெரியும். டப்பாவைச் சாய்த்தால் நீர் ஓடக் கூடாது. அடுத்து மூக்கு: கடற்காற்று வாசம் சரி, மீன் கவிச்சி வந்தால் பழசு, காறிய எண்ணெய் வாடை வந்தால் குளிர் விட்டுப்போயிருக்கிறது. கசப்பு எப்போதும் குறைதான். போலியோ என்று சந்தேகம் இருந்தால் நாலு மணியை வெள்ளைத்தாளில் உருட்டுங்கள், சாயம் ஏற்றியது கோடு போடும். இன்னும் நாலு மணியைக் கொதிநீரில் போட்டால், உண்மையான சினை புரதம் இறுகி வெளுக்கும். கடற்பாசிச் சத்தில் செய்த செயற்கை மணி அப்படியே கிடக்கும்.

விருந்தாளிக்கு மரியாதை என்று நம் வீடுகளில் வெள்ளி ஸ்பூனை எடுப்பது வழக்கம். இந்த ஒன்றுக்கு மட்டும் வேண்டாம். சினையிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து உலோகச் சுவையைக் கொண்டுவரும், ஸ்பூனும் கறுக்கும். முத்துச்சிப்பி ஸ்பூன் அழகு. இல்லாவிட்டால் எவர்சில்வரும் மரக்கரண்டியும் எந்தக் கெடுதலும் செய்யாது. ஆளுக்கு 10 கிராம் என்பது குறைந்தபட்சம், 15 கிராம் என்றால் மனம் நிறையும். கல்யாண ஆர்டர் எடுக்கும் கேட்டரர் கணக்கு: ஒரு துண்டுக்கு 5 கிராம், ஆக ஒரு கிலோவுக்கு 200 துண்டு. ஐஸ் படுக்கையின் மேல், இருபது நிமிடத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியே வைத்து, தீரத்தீர நிரப்ப வேண்டும்.

ரஷ்யர்கள் பிளினி என்ற புளித்த மாவு அப்பத்தில் வைக்கிறார்கள். நம் சமையலறையில் அதற்கு நெருங்கிய உறவு ஆப்பமும் ஊத்தப்பமும். மாவு இளம்புளிப்பில் இருக்க வேண்டும். முதல் நாள் மாவின் புளிப்பு பருப்பு மணத்தை விழுங்கிவிடும். மாவில் உப்பே போட வேண்டாம். 15 கிராம் கேவியரில் ஏற்கெனவே ஏறக்குறைய அரை கிராம் உப்பு இருக்கிறது. கை அகலத்துக்கும் சிறிதாக ஊற்றி, சூடு ஆறியபின் உப்பில்லாத வெண்ணெய் தடவி, அதன்மேல் கேவியர். சூடான அப்பத்தில் வைத்தால் அடியிலுள்ள மணிகள் வெந்து வெளுக்கும். எலுமிச்சை, வெங்காயம், பச்சை மிளகாய் எதுவும் வேண்டாம். அவை கேவியரின் கவிச்சியை மறைக்க வந்த துணைகள், நல்ல ஓசெட்ராவில் மறைக்க ஏதுமில்லை. பாஸ்ட்டரைஸ் செய்யாத கேவியரைக் கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் தவிர்க்க வேண்டும். லிஸ்டீரியா கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது, உப்பும் அதை முழுசாகத் தடுக்காது.

மீந்துவிட்டால் மேற்பரப்பைச் சமன்செய்து, காற்று இல்லாதபடி கிளிங் ஃபிலிமை மணிகளைத் தொட ஒட்டி, மூடி, மறுபடி ஐஸில் வைக்க வேண்டும். மறுநாள் சுவை சற்று மங்கும், மூன்றாம் நாள் காறல் தொடங்கும். அதற்கு முன், மறுநாளே, ஒரு பங்கு கேவியருக்கு இரண்டு பங்கு என்ற அளவில் இளகிய உப்பில்லாத வெண்ணெயில் மெதுவாகப் பிசறி, வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கின் மேல் ஆறியபின் வைத்துச் சாப்பிட்டுவிடலாம்.